திணை ஐயமும் அச்சமும்: ஜப்பானியக் காட்சிப் புதினங்களை மொழிபெயர்ப்பதில் ஓர் இலக்கணச் சிக்கல்

1. முன்னுரை

மொழிகள் எதனைச் சொல்ல முடியும் என்பதில் அன்றி, எதனைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்தான் பெரிதும் வேறுபடுகின்றன என்னும் கருத்தை ரோமன் யாக்கப்சன் 1959 ஆம் ஆண்டில் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். ஒரு மொழியின் இலக்கணம் பேசாது விடுவதை மற்றொரு மொழியின் இலக்கணம் கட்டாயமாகக் கேட்கும்போது மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாத ஒன்றைத் தாமே முடிவு செய்ய நேர்கிறது. பெரும்பாலான பனுவல்களில் இம்முடிவு எளிது. ஆனால் அந்த ஒன்றையே சொல்லாமல் விடுவதன்மேல் முழுக் கதையும் கட்டப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் முடிவு கதையைக் குலைத்துவிடக் கூடும்.

இதற்குத் தக்க சான்றாக அமைவன வயதுவந்தோர்க்கென ஜப்பானில் வெளியிடப்படும் காட்சிப் புதினங்களுள் அச்சத்தையும் அருவருப்பையும் பொருளாகக் கொண்டவை. அவற்றுள் 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சயா நோ உத்தா' என்பதனை மையமாகக் கொண்டு, அச்சம் எவ்வாறு இலக்கணத்தின்வழி உருவாக்கப்படுகிறது என்பதும், தமிழில் அதனைப் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் திணைச் சிக்கலும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. காட்சிப் புதினம்: வடிவமும் வரலாறும்

காட்சிப் புதினம் என்பது கணினித் திரையில் படித்துச் செல்லும் கதை. பின்னணிப் படம், அதன்மேல் கதைமாந்தரின் நின்ற உருவம், இசை, சில இடங்களில் நடிகர்களின் குரல் ஆகியவற்றுடன் எழுத்து திரையில் சிறிது சிறிதாகத் தோன்றும். படிப்பவர் சொடுக்கும்போது அடுத்த பகுதி வரும். ஆங்காங்கே படிப்பவர் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க, கதை அதற்கேற்பக் கிளை பிரியும். விளையாட்டு என்னும் பெயரில் விற்கப்பட்டாலும் இதில் நிகழும் முதன்மையான செயல் படித்தலே.

சுன்சாஃப்ட் நிறுவனம் 1992 இல் வெளியிட்ட 'ஒத்தோகிரிசோ' இவ்வகைக்கு முன்னோடி. அந்நிறுவனம் தன் படைப்புகளை 'ஒலிப் புதினம்' என்று அழைத்தது. திரை முழுவதும் எழுத்தை நிரப்பி, தனித்த மாளிகை ஒன்றில் நிகழும் அச்சக் கதையைச் சொன்ன அம்முறையைப் பின்பற்றி லீஃப் நிறுவனம் 1996 இல் 'ஷிசுக்கு' என்னும் படைப்பை வெளியிட்டது. 'காட்சிப் புதினம்' என்னும் பெயர் இந்நிறுவனத்தின் வரிசைப் பெயராகத் தொடங்கிப் பின்னர் வகைப்பெயராயிற்று. ஆகவே இவ்வடிவம் தொடக்கத்திலேயே அச்சத்தோடு பிறந்தது எனலாம்.

வயதுவந்தோர்க்கான படைப்புகளை மதிப்பிட்டு முத்திரை வழங்கும் நெறிமுறை அமைப்பு ஒன்று 1992 இல் ஜப்பானிய மென்பொருள் நிறுவனங்களால் நிறுவப்பட்டது. பாலுறவுக் காட்சிகள் இவ்வகையின் வணிக அடிப்படை. அவற்றின் வரம்பு பற்றிய கண்டனங்களும் தொடர்ந்து எழுந்துள்ளன. பெண்கள்மீதான பாலியல் வன்முறையைப் பொருளாகக் கொண்ட ஒரு விளையாட்டு 2009 இல் பன்னாட்டு எதிர்ப்பைச் சந்தித்தபின் அவ்வகைப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அக்காட்சிகள் இக்கட்டுரையின் பொருள் அல்ல. பதினெட்டு வயது வரம்பு முத்திரையின் நிழலில், சிறு குழுவினர் எழுத்தையே முதலாகக் கொண்டு எழுதிய கதைகளில் அச்சம் எவ்வாறு மொழியாகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

3. வகைப்பெயர்களும் அவற்றின் வரலாறும்

இத்துறையின் சொற்களே மொழிபெயர்ப்பாளரின் முதல் தடை. 'குரோ' என்பது ஆங்கிலத்தின் 'கிரொடெஸ்க்' என்னும் சொல்லைச் சுருக்கியது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஜப்பானிய நகர வாழ்வில் வழங்கிய 'எரோ குரோ நான்சென்சு' என்னும் தொடரில் அது நிலைபெற்றது. எதொகாவா ரன்போவின் கதைகள் அக்காலச் சுவையோடு சேர்த்துப் பேசப்படுவன. இன்று 'குரோ' எனின் உடற்சிதைவைக் காட்டுவது என்னும் பொருளே முதன்மை. 'விகாரம்', 'கோரம்' என்னும் சொற்கள் அதனை ஓரளவே தாங்கும்.

'தென்பா' என்னும் சொல் இன்னும் நுட்பமானது. அதன் நேர்ப்பொருள் மின்காந்த அலை. டோக்கியோவின் புக்ககாவா பகுதியில் 1981 இல் நிகழ்ந்த தெருக்கொலை வழக்கில், குற்றவாளி தம்மை அலைகள் தொல்லைப்படுத்தின என்று கூறியது பரவலாகப் பேசப்பட்டது. அதன்பின் அச்சொல், பிறர்க்குக் கேளாத ஏவல் கேட்கும் மனநிலையைக் குறிக்கலாயிற்று. 'ஷிசுக்கு' பள்ளி ஒன்றில் பரவும் இத்தகைய அலையைக் கதைப்பொருளாகக் கொண்டது. இதனை 'மின்னலை' எனப் பெயர்த்தால் இயற்பியல் எஞ்சும், பித்து மறையும். வழக்கின் வரலாறு இல்லாமல் சொல்லின் பொருள் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

உணர்ச்சிப் பெயர்களிலும் இதே நிலை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் இளிவரலையும் பிரித்துக் காட்டுகிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றால் பிறப்பது. இளிவரல் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பவற்றால் பிறப்பது. சிதைந்த உடல் கண்டு எழும் அருவருப்பு இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காது. வடமொழியாளர் கூறும் பீபத்சமே அதற்கு அணித்தாக நிற்கும். இக்கதைகள் அச்சத்தையும் அருவருப்பையும் ஒருங்கே எழுப்பி, அவற்றினூடே இரக்கத்தையும் வைக்கின்றன. அந்த இரக்கமே படிப்பவரைப் பெரிதும் கலங்கச் செய்வது.

4. தொடரமைப்பும் சொடுக்கும்

காட்சிப் புதினத்தில் மொழிபெயர்ப்பின் அலகு பத்தி அன்று; சொடுக்கு. ஒரு தொடரின் பாதியில் எழுத்து நிற்கும். படிப்பவர் சொடுக்கினால்தான் மீதி வரும். ஜப்பானியத்தில் வினை தொடரின் இறுதியில் வருவதாலும் எதிர்மறை அவ்வினையின்பின் வருவதாலும் இந்நிறுத்தம் ஐயத்தை வளர்க்கிறது.

எடுத்துக்காட்டாக, 'இரவு முழுவதும் என் அருகில் அமர்ந்து என் கையைப் பிடித்திருந்தது' என்பது வரை ஒரு சொடுக்கும், 'அம்மா அல்ல' என்பது அடுத்த சொடுக்குமாக அமைவதாகக் கொள்ளலாம். ஆங்கிலம் போன்ற மொழிகளில் எழுவாயும் வினையும் முன்னரே வந்துவிடுவதால் இவ்வொழுங்கைக் காக்கத் தொடரையே மாற்றியமைக்க வேண்டும். தமிழில் சொல்வரிசை பெரும்பாலும் அப்படியே நிற்கும். பெயருக்கு முன் பெயரெச்சத் தொடர் வருதலும் இரு மொழிக்கும் பொது. தொடரியலைப் பொறுத்தவரை ஜப்பானிய அச்சக் கதை தமிழுக்கு இசைவானது.

5. ஒலிக்குறிப்பும் எழுத்து வேறுபாடும்

இரண்டாவது இசைவு ஒலிக்குறிப்புச் சொற்களில் உள்ளது. ஜப்பானிய அச்சக் கதைகள் ஈரம், பசை, வழுக்கல் ஆகியவற்றை 'நுரு நுரு', 'பெத்தா பெத்தா', 'தோரோ தோரோ' போன்ற இரட்டித்த குறிப்புச் சொற்களால் உணர்த்துகின்றன. தமிழில் முறையே 'வழவழ', 'பிசுபிசு', 'கொழகொழ' என்பவை எளிதில் வந்து நிற்கும். இவை வருணனை அல்ல, தொடுவுணர்வையே ஒலியாக்குபவை. இத்தகைய சொற்களை உரைநடைக்குத் தகாத பேச்சுவழக்கு என்று விலக்கி, 'வழுக்கும் தன்மையுடைய' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் கையிலிருந்த கருவியைத் தாமே எறிந்துவிடுகிறார்.

எழுத்து வேறுபாடு எதிர்மாறான நிலையைத் தருகிறது. 'உத்தா' என்னும் ஒலிப்பை ஜப்பானியர் ஒன்றுக்கு மேற்பட்ட சீன எழுத்துகளால் எழுதலாம். 'சயா நோ உத்தா' என்னும் தலைப்பில் பொதுவழக்கான எழுத்து விடப்பட்டு, மரபான இசைப்பாட்டோடு தொடர்புடைய எழுத்து ஆளப்பட்டுள்ளது. தமிழில் ஒரே எழுத்துமுறை இருப்பதால் இவ்வேறுபாட்டைச் சொல்தேர்வால்தான் காட்ட இயலும். 'பாடல்', 'கீதம்', 'பாட்டு' என்பவற்றுள் 'பாட்டு' என்பதே அந்தப் பழைய வாடையைத் தருவது. எனவே 'சயாவின் பாட்டு' என்னும் பெயர்ப்பு ஏற்றது.

6. 'சயாவின் பாட்டு': கதையும் நோக்குநிலையும்

நைட்ரோபிளஸ் நிறுவனத்துக்காக உரோபுச்சி கென் எழுதிய இப்படைப்பு 2003 டிசம்பரில் வெளிவந்தது. இதன் முறையான ஆங்கிலப் பதிப்பு 2013 இல் வெளியாயிற்று. இரண்டே தேர்விடங்களும் மூன்று முடிவுகளும் கொண்ட குறுகிய கதை இது.

மருத்துவ மாணவன் ஃபுமினோரி சாலை விபத்தில் பெற்றோரை இழக்கிறான். மூளையில் செய்யப்பட்ட அறுவைக்குப்பின் உயிர் பிழைக்கிறான். ஆயினும் அவன் புலன்கள் மாறிவிடுகின்றன. சுவரும் தெருவும் குருதி தோய்ந்த தசையாகத் தெரிகின்றன. மனிதர் அருவருப்பான பிண்டங்களாகத் தெரிகின்றனர், நண்பர்களின் பேச்சு காது கூசும் ஒலியாகிறது, உணவு குமட்டுகிறது. அவ்வுலகில் அவன் கண்ணுக்கு மனித உருவில் தெரிவது சயா ஒருத்தியே. மற்றவர் கண்ணுக்கோ சயா பெயரிட முடியாத ஓர் உயிர். நோக்குநிலை ஃபுமினோரிக்கும் அவன் நண்பன் கோஜி முதலானோர்க்கும் இடையே மாறி மாறிச் செல்கிறது. சயாவின் மெய்யுருவம் முழுமையாகப் படத்தில் காட்டப்படுவதில்லை. கண்டவர் படும் பாட்டினால் அது உணர்த்தப்படுகிறது.

கதையின் கொடிய பகுதி அண்டை வீட்டார் ஒருவரைப் பற்றியது. சயா அவருடைய மூளையையும் ஃபுமினோரியின் மூளைபோல் மாற்றிவிடுகிறாள். அவர் தம் மனைவியையும் மகளையும் அரக்க உருக்களாகக் கண்டு கொன்றுவிடுகிறார். எதிரில் நிற்பது மனிதர் அன்று என்னும் முடிவு பிழைபடும்போது அது கொலையில் முடிகிறது. ஆகவே இக்கதையில் 'யார்', 'எது' என்னும் வினாக்களுக்கு இடையிலான எல்லை வெறும் இலக்கண எல்லை அன்று.

7. ஜப்பானியத்தில் சொல்லாது விடப்படுவது

இக்கதையை எழுதிய மொழியில் வினைமுற்று திணையையோ பாலையோ காட்டுவதில்லை. 'வந்தாள்', 'வந்தது' என்னும் இரண்டும் ஜப்பானியத்தில் ஒரே வடிவம். எழுவாய் தொக்கி நிற்றலும் இயல்பு. இருத்தலைக் குறிக்கும் வினைகளுள் 'இரு' உயிருள்ளவற்றுக்கும் 'அரு' உயிரற்றவற்றுக்கும் வரும். ஆனால் பெண்ணுக்கும் அரக்க உயிருக்கும் 'இரு' என்பதே போதும். உயிருடைமை என்னும் எல்லையில் நின்றுவிடும் அம்மொழி, மனிதத் தன்மை என்னும் எல்லையை வினையில் வற்புறுத்துவதில்லை. எண்ணுப்பெயர்களில்தான் அவ்வெல்லை தோன்றும்: மனிதரை 'ஹித்தோரி' என்றும் சிற்றுயிரை 'இப்பிக்கி' என்றும் எண்ணுவர். எண்ண வேண்டிய தேவை வராதவரை எழுத்தாளர் மௌனம் காக்கலாம்.

தமிழில் அம்மௌனம் இல்லை. படர்க்கை வினைமுற்று ஒவ்வொன்றும் உயர்திணையா அஃறிணையா என்று கேட்கிறது. 'சயா கதவைத் திறந்தாள்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளர் ஃபுமினோரியின் பக்கம் சேர்ந்துவிட்டார். 'சயா கதவைத் திறந்தது' என்றால் கோஜியின் பக்கம். அண்டை வீட்டாரின் மனைவி 'அலறினாள்' என்று எழுதினால் கொலைகாரரின் பார்வை கெட்டது. 'அலறியது' என்றால் கொல்லப்பட்டவர் மனிதர் என்பது படிப்பவர்க்கு எட்டாமலே போகலாம்.

பார்வைக்கேற்பத் திணையை மாற்றுவது முதல் தீர்வு: ஃபுமினோரியின் பகுதிகளில் சயா உயர்திணை, நண்பர்கள் அஃறிணை, மற்றப் பகுதிகளில் இதன் மறுதலை. நன்னூல் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குதலை வழுவமைதியாக ஏற்கிறது; பசுவை அம்மை என விளித்துப் பெண்பால் வினை தருதல் உரைகாரர் காட்டும் மரபு. ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. பசுவை அம்மை என்பவர் அது பசு என்பதை அறிவார். ஃபுமினோரிக்கோ சயா பெண்ணே. உவப்பினால் அவன் வழுவவில்லை. தன் புலன் காட்டியதைப் பிழையின்றிச் சொல்கிறான். எனவே வழுவமைதி என்னும் விளக்கம் முழுதும் பொருந்தாது. அன்றியும், முறையாக மாறிவரும் விகுதி ஒரு சூத்திரமாகப் படிப்பவர்க்குப் பழகிவிட்டால் ஐயம் என்பதே இல்லாமற் போகும்.

8. திணை ஐயம்: இலக்கணம் தரும் வழி

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கியுள்ளது. தொலைவில் தோன்றுவது மரக்குற்றியா மனிதனா என்று துணிய இயலாதபோது எவ்வாறு சொல்வது என்னும் வினாவை எழுப்பி, 'உரு' என்னும் பொதுச்சொல்லால் கூறுக என்கிறது. மாலை ஒளியில் வயல்வெளியில் நிற்பதைக் கண்டு அஞ்சும் மனிதனின் நிலையையே இவ்விதி கருதுகிறது எனலாம். அச்சக் கதையின் அடிப்படைச் சூழலுக்கு இலக்கணத்திலேயே விதி உண்டு.

இவ்விதியின் உள்ளக்கிடையைப் பின்பற்றித் தற்கால உரைநடையில் திணை காட்டாத வடிவங்களைத் தொகுத்துக்கொள்ளலாம்.

அ) பொதுப்பெயர்: 'உரு', 'உருவம்' என்பவற்றை எழுவாயாக்குதல். 'கதவருகே ஓர் உருவம் நின்றது' என்பதில் அஃறிணை முடிபு 'உருவம்' என்னும் பெயருக்கு உரியது. உள்ளிருப்பது யார் அல்லது எது என்பது வெளிப்படாது.

ஆ) எச்சங்கள்: வினையெச்சமும் பெயரெச்சமும் திணை காட்டா. 'சயா வந்து, அருகே அமர்ந்து, கை நீட்ட, ஃபுமினோரி விழித்தான்' என்பதில் முற்று ஃபுமினோரிக்கு உரியது.

இ) நான்காம் வேற்றுமைத் தொடர்: 'சயாவுக்குப் பசித்தது', 'சயாவுக்குத் தெரியும்' என்பவற்றில் வினை சயாவோடு இயைவதில்லை.

ஈ) பொதுவினை: 'உண்டு', 'இல்லை', 'வேறு' என்பன இருதிணைக்கும் பொது. 'அறையில் சயா இல்லை' என்பதில் ஐயம் குலையாது.

உ) பிளவுத் தொடர்: 'வந்தது யார்', 'திறந்தது சயாதான்' என்பவற்றில் '-அது' ஈறு எத்திணைப் பெயரோடும் வரும். நான்காம் பகுதியில் காட்டிய தொடரும் இவ்வகையே.

இவற்றை எங்கும் நிரப்பினால் நடை செயற்கையாகும். சயா முதன்முதலில் தோன்றும் இடங்கள், நோக்குநிலை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் இடங்கள், கொலை நிகழும் காட்சி ஆகியவற்றில் ஆண்டு, பிற இடங்களில் பார்வைக்குரிய விகுதியை வெளிப்படையாகத் தருதல் தகும். அவ்வாறாயின், அதுவரை தவிர்க்கப்பட்ட '-ஆள்' அல்லது '-அது' ஈறு முதன்முறை வரும் இடமே அதிர்ச்சி தரும் இடமாகும். மூலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு இது. தமிழ் இழப்பதை மட்டும் கணக்கிடாது, பெறுவதையும் கணக்கிட வேண்டும்.

9. தன்மை இடம்

மூன்று முடிவுகளுள் ஒன்றில் ஃபுமினோரியின் புலன்கள் சரியாகிவிடுகின்றன. செய்த கொடுமைகளுக்காக அவன் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டிருக்கிறான். சுவர்கள் இப்போது வெண்மையாகவே தெரிகின்றன. இரவில் சயா கதவுக்கு வெளியே வருகிறாள். ஆனால் உருவைக் காட்டவோ குரலைக் கேட்பிக்கவோ உடன்படவில்லை. அவன் நினைவில் உள்ளபடியே இருக்க விரும்புகிறாள். கைப்பேசித் திரையில் எழுதிக் காட்டி உரையாடுகிறாள்.

உருவும் ஒலியும் நீங்கி எழுத்து மட்டும் எஞ்சும் இக்காட்சியில் சயா பேசுவது தன்மை இடத்தில். ஜப்பானியத்தில் தன்மைப் பெயர்கள் பல. 'வத்தாஷி', 'பொக்கு', 'ஒரே' ஆகியவை பேசுவோரின் பாலையும் பண்பையும் குறிப்பாய்க் காட்டும். அனைவர்க்கும் உரிய படைப்பாக 2002 முதல் வெளிவந்த 'ஹிகுராஷி நோ நகு கோரோ நி' என்னும் அச்சக் கதைத்தொடரில் ரிக்கா என்னும் சிறுமி 'பொக்கு' என்பதிலிருந்து 'வத்தாஷி' என்பதற்கு மாறும்போதே வேறோர் ஆளுமை பேசுகிறது என்பது தெரிந்துவிடும். தமிழிலோ 'நான்' ஒன்றே. படர்க்கையில் மிகுதியாகக் கேட்கும் தமிழ், தன்மையில் ஒன்றுமே கேட்பதில்லை. 'வந்தேன்' என்பதில் ஆண் இல்லை, பெண் இல்லை.

திணை உண்டா என்பதில் இலக்கண நூலார் வேறுபடுகின்றனர். நன்னூலார் தன்மையை இருதிணைக்கும் பொது என்று கொண்டார். தொல்காப்பியர் தன்மை வினையை உயர்திணையின்கண் வைத்தார். நன்னூலின்படி, கதவுக்கு வெளியிலிருந்து 'வந்தேன்' என்று எழுதும் உயிர் எதுவாகவும் இருக்கலாம். தொல்காப்பியத்தின்படி, 'வந்தேன்' என்று சொல்ல வல்லது எதுவோ அது அச்சொல்லாலேயே உயர்திணை ஆகிவிடுகிறது. கதவின் இருபுறமும் நிற்கும் இருவரைப் பற்றிக் கதை எழுப்பும் வினாவும் இதுவே. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இக்காட்சியில் படர்க்கை முற்றுகளைக் குறைத்து, சயா எழுதுவனவற்றை இயல்பான தன்மைத் தொடர்களாக விட்டுவிடுவதே போதுமானது.

10. முடிவுரை

ஜப்பானியக் காட்சிப் புதினத்தின் சொல்வரிசையும் ஒலிக்குறிப்பும் தமிழில் பெரிதும் காக்கப்படும். எழுத்து வேறுபாட்டைச் சொல்தேர்வால் ஈடுசெய்யலாம். திணையே மையச் சிக்கல். பார்வைக்கேற்ற விகுதியும் ஐயத்துக்குரிய பொதுவடிவமும் இடமறிந்து ஆளப்படின் அச்சிக்கல் தீர்வதோடு, மூலத்தின் கேள்வி கூர்மையும் பெறும். இம்முடிவை எடுக்குமுன் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு காட்சியிலும் யார் காண்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுதல் முதற்பணி. எதிரில் நிற்பது 'அவள்' என்பதா 'அது' என்பதா என்னும் சிறு முடிவின் விளைவை அண்டை வீட்டாரின் கதை காட்டுகிறது. அவ்விளைவைத் தமிழ்ப் படிப்பவரும் உணர்ந்தால் பெயர்ப்பு தன் கடமையைச் செய்ததாகும்.